அந்தக் கல்யாண மண்டப போர்டைப் பற்றி

இன்னும் அந்த போட்டோவைப் பகிர்ந்துகொண்டே இருக்கிறீர்கள். "காபி என்னும் விஷம் இங்கே பரிமாறப்படாது" என்று கும்பகோணத்து மண்டப வாசலில் வைத்த அதே போர்டுதான். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போனவள். "பெரியவர்களுக்காவது கொடுத்திருக்கலாமே" என்று ஒரு வரி கமெண்ட் போட்டேன். அதற்கு "காபி கம்பெனி ஆள்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். சரி, நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

விடியற்காலை முகூர்த்தம். மன்னார்குடிப் பக்கத்திலிருந்தெல்லாம் இருட்டில் வேன் ஏறி வந்தவர்கள் நிறைய பேர். என் அத்தைக்கு எழுபதுக்கு மேல் வயது. முந்தின நாள் சாயங்காலம் குடித்த காபியோடு சரி. தாலி கட்டி முடிவதற்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டார். "ஒரு நாள் குடிக்காமல் இருக்க முடியாதா பெரியம்மா?" என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனான். காபியிலும் டீயிலும் இருக்கும் ஊக்கப்பொருள்தான் காஃபின். தினமும் அது போய்ப் பழகிய உடம்பில் அதைச் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சோர்வும் எரிச்சலும் கூடவே வரும். மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது. குறைக்க வேண்டுமென்றால் படிப்படியாகக் குறைக்கத்தான் எந்த டாக்டரும் சொல்வார். எழுபது வயதுக்காரரிடம் மண்டப வாசலில் வைத்தா அதை ஆரம்பிப்பது?

சாயங்காலம் வரவேற்புக்கு அதே மண்டபத்தில் என்ன இருந்தது என்று போட்டோ போட்டவர்கள் யாரும் சொல்லவில்லை. கோலா இருந்தது. ஐஸ் டீ இருந்தது. எனர்ஜி டிரிங்க் டின்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஐந்தாவது ஆறாவது படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடின. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி எனர்ஜி டிரிங்க் வகை பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். அதாவது 250 மில்லி டின் ஒன்றில் 75 மில்லிகிராம் வரை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்று டின்னிலேயே அச்சடித்திருக்கிறது. கிழவிக்கு டபராவில் கொடுத்தால் விஷம், பத்து வயதுப் பிள்ளைக்கு டின்னில் கொடுத்தால் விருந்தா?

நான் சொல்வது ஒன்றுதான். எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று சொல்லுங்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காஃபினைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். 150 மில்லி டிகாஷன் காபியில் 80 முதல் 120, இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மில்லிகிராம். நம் வீட்டுக் காபித்தூளில் கலக்கிற சிக்கரியில் காஃபினே கிடையாது. அப்படியானால் காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று குடிக்கிற என் அத்தை என்ன குற்றம் செய்தார்?

"தூக்கம் கெடுகிறதே" என்பீர்கள். கெடும். அதை நான் மறுக்கவே இல்லை. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும். கர்ப்பிணிகளுக்கு அதைவிட அதிக நேரம். ஆறு மணிக்குமேல் காபி வேண்டாம் என்று போர்டு வைத்திருந்தால் நானே பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பேன். படபடப்பு இருக்கிறவர்கள், நெஞ்செரிச்சல்காரர்கள், டாக்டர் வேண்டாம் என்று சொன்னவர்கள் நிறுத்தத்தான் வேண்டும். சர்க்கரை அதிகம் என்றால் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

"நம் முன்னோர்கள் காபியா குடித்தார்கள்? நீராகாரம்தானே" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, அன்றைக்குப் பந்தியில் நீங்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய உருளைக்கிழங்கு காரக்கறியில் உருளைக்கிழங்கும் மிளகாயும் கடல் தாண்டி வந்தவைதான். முன்னோர்கள் பேச்சு காபிக்கு மட்டும்தானா?

நிஜமாகவே பேச வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குறுவை நடவுக்கு இறங்குகிற பெண்களைப் பாருங்கள். சேற்றில் குனிந்து நட்டுவிட்டு வரப்பேறித் தூக்கைத் திறக்கும்போதே டீயும் வந்துவிடும். பழையதைச் சாப்பிட்ட கையோடு டீ. அதில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இது காஃபின் செய்கிற வேலையும் இல்லை. அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொன்னது. டீ மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டில் கீரையும் பருப்பும் போதவில்லை என்பதுதான் முதல் காரணம். ஆனால் கிடைக்கிற கொஞ்சமும் வீணாகிறதே!

எங்கள் ஊர் முகாமில் ஒருவர் இந்தப் பெண்களைப் பார்த்து "டீ குடித்துக் குடித்தே ரத்தத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்" என்று திட்டினார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது. டீ எப்போது வர வேண்டும் என்பதை அவர்களா முடிவு செய்கிறார்கள்? நிலத்துக்காரர் கொடுத்தனுப்பும்போது குடித்தால்தான் உண்டு. ஆற விட்டால் அடுத்த நாற்று முடியை யார் நடுவது? திட்டு வாங்குவது மட்டும் எப்போதும் பெண்கள். அத்தையும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தவர், தனக்கென்று ஒரு டபரா கேட்டதும் காபிக்கு அடிமை ஆகிவிட்டார்.

என்னைக் கம்பெனி ஆள் என்று சொன்னவர்களுக்கு நிலம் இருப்பது எனக்குத் தெரியும். அடுத்த நடவுக்கு டீயைச் சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு மணி நேரம் தள்ளி அனுப்பிவிட்டு, அதைக் குடிக்கிற வரைக்கும் அவர்களை வரப்பில் உட்காரவும் விடுங்கள். அந்த போட்டோவைப் போடுங்கள், நான் பகிர்கிறேன்.