செர்னும் ரஷ்ய விஞ்ஞானிகளும்

ஜெனீவா அருகே இருக்கும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகம்தான் செர்ன். உக்ரைன் படையெடுப்பை அடுத்து, 2024 நவம்பர் 30-உடன் ரஷ்யாவுடனான ஒப்பந்தத்தை அது முடித்துக்கொண்டதை, செர்ன் பற்றி நான் படித்த கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

செர்னில் துகள் மோதல்களைப் பதிவுசெய்யும் சிஎம்எஸ் என்ற பெரிய கருவியில், ஹேட்ரான்களின் (புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்கள்) ஆற்றலை அளக்கும் பகுதி இருக்கிறதே, அதற்கான பித்தளையில் ஒரு பங்கு ரஷ்யக் கடற்படையின் பழைய பீரங்கிக் குண்டு உறைகளை உருக்கி எடுத்தது. போருக்காகச் செய்த உலோகம், மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை வருவதோடு தொடர்புள்ள ஹிக்ஸ் துகளைத் தேடப் பயன்பட்டது! பனிப்போர்க் காலத்திலேயே, 1967-ல், சோவியத்தின் செர்புகோவ் முடுக்கியில் (துகள்களை மிக வேகமாக ஓடவிடும் இயந்திரம்) சேர்ந்து வேலை செய்ய ஒப்பந்தம் போட்ட நிறுவனம் செர்ன்.

உக்ரைன் படையெடுப்பைக் கண்டிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. உக்ரைனும் செர்னின் இணை உறுப்பு நாடுதான். சரி, அரசுடன் உறவை முறிக்கட்டும். ஆனால் பல வருடம் உழைத்துக் கருவியைக் கட்டியவர்கள் என்ன செய்வார்கள்? வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மாறியவர்கள் ஆய்வைத் தொடரலாம். குடும்பத்தை விட்டுக் கிளம்ப முடியாதவர்களுக்குக் கதவு மூடிவிட்டது. இத்தனைக்கும் ரஷ்யாவிலேயே இருக்கும், பல நாடுகள் சேர்ந்து நடத்தும் துப்னா கூட்டு ஆய்வு நிலையத்துடன் செர்னின் ஒப்பந்தம் தொடர்கிறது. அதுபோல, தனி ஆய்வாளர்களுக்கும் செர்னின் உறுப்பு நாடுகள் ஒரு வழி விட்டிருக்கலாம்.