பூத் கணக்கும் ஒகேனக்கல் தண்ணீரும்

அக்கா மகன் நியூயார்க்கில் குவீன்ஸ் பக்கம் இருக்கிறான். 2024 அதிபர் தேர்தல் முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் பேசும்போது, "மாமா, நியூயார்க்னாலே ஜனநாயகக் கட்சிக் கோட்டைனு சொல்லிட்டே இருப்பீங்கல்ல, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு வரைபடம் அனுப்பினான். பூத் வாரியாக யாருக்கு எவ்வளவு ஓட்டு என்று நிறம் போட்டது, ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு நீலம், குடியரசுக் கட்சியின் ட்ரம்ப்புக்குச் சிவப்பு. இங்கே கிருஷ்ணகிரியில் திண்ணையில் உட்கார்ந்து அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் ராத்திரி பன்னிரண்டு மணி ஆனதே தெரியவில்லை.

மொத்தமாகப் பார்த்தால் கோட்டை கோட்டைதான். நகரம் முழுக்க எண்ணினால் கமலா ஹாரிஸுக்கு 100க்கு 68, ட்ரம்ப்புக்கு 30. ஆனால் கிட்டே போகப் போக ஒரே நகரத்துக்குள் பத்து ஊர் இருக்கிறது. ஸ்டேட்டன் தீவில் ட்ரம்ப்புக்கு 60க்கு மேல். புரூக்ளினில் படித்தவர்களும் வசதியானவர்களும் இருக்கும் பார்க் ஸ்லோப் முழுக்கக் கருநீலம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வைதீக யூதக் குடும்பங்கள் வாழும் பரோ பார்க் நல்ல சிவப்பு, கடற்கரையோரம் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள் இருக்கும் பிரைட்டன் பீச்சும் சிவப்பு. சிகாகோவில் இன்னொரு விதம். அங்கே நகராட்சி வேலையில் இருப்பவர்கள் நகர எல்லைக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்று விதி. அதனால் போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் எல்லை ஓரத்தில், கடைசித் தெரு வரைக்கும் போய் வீடு வாங்கியிருக்கிறார்கள். மவுண்ட் கிரீன்வுட் அப்படி ஒரு இடம். ஊரே ஒரு பக்கம் ஓட்டுப் போட, அந்தத் தெருக்கள் மட்டும் ட்ரம்ப்புக்குப் போட்டன. வேலை, வீடு, சாமி, மொழி எல்லாம் சேர்ந்துதான் ஒரு தெரு உருவாகிறது, பூத் கணக்கில் தெரிவதும் அதுதான். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழுகிற தெருக்களில் நடந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நான் அதிக நேரம் பார்த்தது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. வாடகை வீட்டில் இருக்கிற உழைக்கிற ஜனம், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதிகம். 2016ல் ட்ரம்ப்புக்கு அங்கே 100க்கு 10கூட விழவில்லை. 2020ல் 16, 2024ல் 27. உடனே எல்லோரும் "பிராங்க்ஸ் மாறிவிட்டது" என்று எழுதினார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் அக்கா மகனே இன்னொரு கணக்கைச் சொன்னான். சதவீதத்தை விட்டுவிட்டு தலைகளை எண்ணினால், 2020ஐ விட நியூயார்க் நகரத்தில் ட்ரம்ப்புக்குக் கூடிய ஓட்டு ஒரு லட்சத்துக்குள். 2020ல் அதே கட்சிக்கு நின்ற பைடன் வாங்கியதில் ஹாரிஸுக்குக் குறைந்ததோ ஐந்து லட்சத்துக்கும் மேல். ஆக, தெரு சிவப்பாகத் தெரிவதற்குக் கட்சி மாறியவர்கள் ஒரு காரணம் என்றால், யாருக்கும் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அதைவிடப் பெரிய காரணம். அவர்களுக்கென்று அந்த வரைபடத்தில் ஒரு நிறம் கிடையாது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் நம்ம ஊரிலும் பூத் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இந்த ஆட்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஓட்டு இங்கே, பிழைப்பு பெங்களூரில் என்று இருக்கிறவர்கள், லீவு கிடைக்காதவர்கள், பஸ் நெரிசலுக்குப் பயந்து வராதவர்கள், மனம் வெறுத்துப் போனவர்கள்.

நம்ம நாட்டில் ஜனாதிபதி தேர்தலுக்கு இப்படி ஒரு வரைபடமே வராது. நம் எம்பியும் எம்எல்ஏவும்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் சட்டமன்றம், மக்களவை இரண்டுக்கும் பூத் வாரியாகக் கணக்கு உண்டு. படிவம் 20 என்று பெயர். எந்தப் பாகம் எண்ணில், அதாவது எந்த பூத்தில், யாருக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2021ல் எங்கள் கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் வெறும் 794 ஓட்டு. ஒரு பூத்தில் உள்ள மொத்த வாக்காளர்களே கிட்டத்தட்ட ஆயிரம் பேர் என்றால், 794 என்பது ஒரு பூத்துக்குள் அடங்கிவிடுகிற எண். அப்படிப்பட்ட தொகுதியில் அந்தத் தாளை எத்தனை பேர் எத்தனை முறை புரட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளை வைத்து என்ன செய்வார்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எந்தத் தேர்தல், எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலர் சிரித்தால் பல்லில் காவி தெரியும். போர்வெல் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் இதுதான் பெரிய தண்ணீர்ப் பிரச்சினை, இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது, 2013ல் திறந்தார்கள். அந்தக் குழாய் எங்கள் தெருமுனையில் உடைந்து மூன்று வாரம் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகள் மறுபடியும் போர் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டன. நான்கைந்து பேர் சேர்ந்து உள்ளூர் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். நல்லபடியாகத்தான் உட்கார வைத்தார், மோர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பிரித்தார். மடிப்பில் எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்து எங்கள் பாகம் எண்ணில் நிறுத்தினார். "நீங்களே பாருங்கண்ணா. உங்க தெருவுல நமக்கு எத்தனைன்னு பாருங்க. நான் எந்த முகத்தோட மேல போய்க் கேக்கறது?"

எங்களோடு வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி அதுவரை பேசவே இல்லை. அவர்தான் சொன்னார்: "நான் உனக்குத்தான் கண்ணு போட்டேன்."

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அந்தத் தாளில் இருந்த இரண்டு இலக்க எண்ணில் அந்தப் பாட்டியும் ஒருவர். அதை அவர் எப்படி நிரூபிப்பார்? யாருக்குப் போட்டோம் என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே அட்டை மறைப்பெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒரு குடம் தண்ணீருக்காக அந்த ரகசியத்தை ஐந்து பேர் முன்னால் அவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டி வந்தது. இத்தனைக்கும் அந்தப் பூத் எங்கள் தெருவுக்கு மட்டும் உரியதும் இல்லை, மூன்று தெரு ஓட்டு அதில் இருக்கிறது. அடுத்து வந்த தேர்தலில் பாட்டி ஓட்டுப் போடப் போகவில்லை. "போட்டா மட்டும் என்ன" என்றார்.

இது எங்கள் தெருவில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 2019ல் பாஜக வேட்பாளர் மேனகா காந்தி உத்தரப் பிரதேசத்தின் சுல்தான்பூரில் பிரச்சாரம் செய்யும்போது, எவ்வளவு ஓட்டு விழுகிறது என்பதை வைத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து வேலை நடக்கும் என்று மேடையிலேயே பேசி, தேர்தல் ஆணையத்திடம் கண்டனம் வாங்கினார். அவர் வெளியே சொன்னார், மற்ற பல இடங்களில் சொல்லாமல் நடக்கிறது.

இதே எண்களை வேறு மாதிரியும் பயன்படுத்தலாம். 2024 தேர்தல் முடிந்த சில நாளில் ஜோரான் மம்தானி ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு பிராங்க்ஸில் ஃபோர்டம் ரோடுக்கும் குவீன்ஸில் ஹில்சைடு அவென்யூவுக்கும் போனார். அப்போது அவர் நியூயார்க் மாநிலச் சட்டசபையில் ஓர் உறுப்பினர், நகர மேயர் தேர்தலில் நிற்பதாக அதற்குச் சற்று முன்புதான் அறிவித்திருந்தார். இரண்டும் ட்ரம்ப்புக்கு ஓட்டு கூடிய பக்கம். ஏன் ட்ரம்ப்புக்குப் போட்டீர்கள், ஏன் போடவே இல்லை என்று கேட்டு, அவர்கள் சொன்னதை நின்று கேட்டுக்கொண்டார். வாடகை, மளிகை விலை, காஸா என்று ஜனங்கள் கொட்டினார்கள். அந்த வாடகையையும் விலைவாசியையுமே வைத்து ஓட்டுக் கேட்டு 2025 நவம்பரில் அவர் மேயர் தேர்தலில் ஜெயித்தார், பிராங்க்ஸும் குவீன்ஸும் அவருக்குத்தான் அதிகம் போட்டன. அவர் கொள்கை பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். ஓட்டு விழாத தெருவுக்கு முதலில் போனார் என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் தெருவுக்கு ஒருத்தர் வந்து "ஏன் எங்களுக்குப் போடவில்லை" என்று மரியாதையாகக் கேட்டிருந்தால், திண்ணையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்போம்.

அது நடக்கிற வரைக்கும் நான் டோட்டலைசர் பக்கம். தெரியாதவர்களுக்கு: பல பூத் மெஷின்களை, ஒரு தடவைக்கு 14 வரை, இணைத்து மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டுகிற கருவி. தேர்தல் ஆணையம் 2008லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015ல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. எந்த பூத்தில் ஓட்டு குறைவு என்று தெரிந்தால்தான் அங்கே போய் வேலை செய்ய முடியும் என்று காரணம் சொன்னார்கள். அந்த வேலையை எங்கள் தெரு பார்த்துவிட்டது. வாக்குச்சீட்டு காலத்தில் என் அப்பா ஓட்டு எண்ணும் டூட்டிக்குப் போவார், வாத்தியார். பல பூத் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, அப்புறம்தான் கட்டுக் கட்டி எண்ணுவோம் என்பார். எந்தத் தெரு எப்படிப் போட்டது என்று எண்ணுகிறவருக்கே தெரியாது. மெஷின் வந்து வேகம் கூடியது, அந்த மறைவு போய்விட்டது.

இதைச் சொன்னதும் அக்கா மகன், "அப்போ இந்த மாதிரி மேப்பெல்லாம் நம்ம ஊருக்கு வராதே மாமா" என்றான். வரவேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணி வரை பார்த்து ரசித்தவன்தான் சொல்கிறேன். 14 பூத் சேர்ந்தால் கிருஷ்ணகிரி மாதிரி ஊரில் ஒரு பெரிய பகுதியே வந்துவிடும், அந்தப் பகுதியில் ஏன் ஓட்டு குறைந்தது என்று ஒரு கட்சி யோசிக்க அந்த எண்ணே போதும். பாகம் எண்ணில் விரலை வைத்துப் பாட்டியிடம் காட்டத்தான் போதாது.