லென்ஸால் சிவந்த கண்ணும் தண்ணீரும்

கான்டாக்ட் லென்ஸால் கண் சிவந்தால், காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரில் லென்ஸை அலசிவிட்டு, மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விட்டால் போதும் என்று ஒருவர் எழுதியிருப்பது ஆபத்தான யோசனை. காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் அந்தத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும், எந்த ஊர்க் குடிநீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்க வாய்ப்புண்டு. அது லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழியைத் தாக்கினால் மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். ஸ்டீராய்டோ சிவப்பை மட்டும் தணித்து, உள்ளே பரவும் தொற்றை மறைத்துவிடும். முதலில் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும். வலி, கண்கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். லென்ஸையும் அதன் டப்பாவையும் தூக்கி எறியாமல் உடன் எடுத்துச் சென்றால், எந்தக் கிருமி என்று பரிசோதிக்க அவை உதவும்.