பத்துக்கு ஒன்பது வாங்கிய பள்ளியைத் தேடி வீடு பார்ப்பவர்களுக்கு

பிப்ரவரி பிறந்தால் அட்லாண்டாவின் வடக்குப் புறநகர்களில் நம்மவர்கள் வீடு பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் முன் குடிபுகுந்துவிட வேண்டும் என்பது கணக்கு. வீட்டு முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறதோ, பொதுவாக அந்த அரசுப் பள்ளியில்தான் இங்கே பிள்ளைக்கு இடம். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அக்கா, எந்தப் பள்ளிக்கு ரேட்டிங் ஒன்பதுக்கு மேல் இருக்கிறது? அந்த எல்லைக்குள் மட்டும்தான் பார்க்கப்போகிறோம்." அலுவலகம் எவ்வளவு தூரம், ஊரிலிருந்து அம்மா வந்தால் தங்கக் கீழ்த்தளத்தில் அறை உண்டா, மாதத் தவணை சம்பளத்தில் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வழக்கம் தவறானது என்பது என் உறுதியான கருத்து. தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிகிறது. எனவே முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

ஜில்லோ, ரெட்ஃபின் போன்ற தளங்களில் ஒவ்வொரு வீட்டின் விவரத்துக்குக் கீழேயும் பள்ளியின் பெயரும், 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்ணும் இருக்கும். கிரேட்ஸ்கூல்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு தரும் மதிப்பெண் அது. மாநிலத் தேர்வுகளில் பிள்ளைகள் என்ன வாங்கினார்கள் என்பதற்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. அண்மை ஆண்டுகளில், ஓராண்டில் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் வீடு பார்க்கிறவர்கள் யாரும் அந்த உட்பிரிவைத் திறந்து பார்ப்பதில்லை. முன்னால் தெரியும் ஒற்றை எண்ணைப் பார்த்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

தேர்வு மதிப்பெண்ணைப் பெருமளவு தீர்மானிப்பது குடும்பம். ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்க அரசுக்காகத் தயாரிக்கப்பட்ட அறிக்கை 1966இலேயே இதைச் சொல்லிவிட்டது. பெற்றோரின் படிப்பு, வருமானம், வீட்டுச் சூழல் ஆகியவற்றோடு ஒப்பிட்டால், ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் இடையிலான வசதி வேறுபாடு மதிப்பெண்ணைக் குறைவாகவே மாற்றுகிறது என்றது அது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான தேர்வு மதிப்பெண்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். சராசரி மதிப்பெண், ஊரின் பணவசதியோடு ஒட்டியே நகர்ந்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் வேகத்துக்கும் பணவசதிக்கும் தொடர்பு மிகக் குறைவு. அதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த ஊர் சிகாகோ. 1987இல் அமெரிக்கக் கல்வித் துறையின் அமைச்சரே நாட்டிலேயே மோசமானவை என்று சொன்ன பள்ளிகள் அந்த ஊருடையவை. அதே சிகாகோவில் 2009 முதல் 2014 வரை மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள், ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுகளுக்கான வளர்ச்சியைக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளின் சராசரி மதிப்பெண் அப்போதும் குறைவுதான். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிற பெற்றோர் அங்கே நடந்த நல்ல ஆசிரியர்களின் உழைப்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ஆக, ஒன்பது மதிப்பெண் எல்லைக்குள் வீடு வாங்க நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஆசிரியருக்கான விலையல்ல. படித்த, சம்பாதிக்கும் அண்டை வீட்டாருக்கான விலை அது. இரண்டு பொறியாளர்கள் இருக்கும் வீட்டில், மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்க அப்பாவும், நூலகத்துக்கு அழைத்துப்போக அம்மாவும் இருக்கும் வீட்டில், பிள்ளை ஆறு மதிப்பெண் பள்ளியிலும் நன்றாகத்தான் படிக்கும். நான் படித்தது திருச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில். இங்கே வந்திருக்கும் நம்மில் பலர் அப்படிப்பட்ட பள்ளிகளில் தொடங்கியவர்கள்தானே?

அந்த எல்லைக் கோட்டுக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நாட்டில் பள்ளிகளுக்கான பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது உள்ளூரில் திரட்டப்படுகிறது. அதில் பெரும்பங்கு சொத்து வரி. 1968இல் டெக்ஸஸின் சான் அன்டோனியோ நகரில், மெக்சிகோ வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழ்ந்த எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளி முன்னால் நின்றார். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்த வட்டாரத்திலேயே அதுதான் அதிக விகிதம். அப்படிக் கட்டியும், ஒரு பிள்ளைக்கு அவர்களால் 26 டாலர்தான் திரட்ட முடிந்தது. பக்கத்திலேயே வசதியான ஆலமோ ஹைட்ஸ், 85 சென்ட் விகிதத்தில் ஒரு பிள்ளைக்கு 333 டாலர் திரட்டியது. 1973இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பெற்றோருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு பல மாநிலங்கள் தங்கள் பணத்தைக் கொண்டு இந்த இடைவெளியை ஓரளவு குறைத்திருக்கின்றன. ஆனால் வீட்டு விலையையும் பள்ளியையும் சேர்த்துக் கட்டிய முடிச்சு அவிழவே இல்லை.

அந்த முடிச்சு ஏழைகளின் கழுத்தை எப்படி இறுக்கும் என்பதற்கு ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நடந்தது போதும். 2011இல் ஒரு கறுப்பினத் தாய், தன் இரு பெண்களையும் தங்கள் தாத்தாவின் முகவரியைக் கொடுத்து வேறு பள்ளி மாவட்டத்தில், அதாவது வேறொரு பள்ளி நிர்வாகத்தின் எல்லைக்குள், சேர்த்ததற்காகச் சிறைக்கு அனுப்பப்பட்டார். நாம் வீட்டுக் கடன் வாங்கித் தாண்டும் அதே கோட்டை அவர் கடன் வாங்க வழியில்லாமல் தாண்டினார்.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் கனமானது. அட்லாண்டாவில் ரேட்டிங் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களின் முதல் விருப்பம் ஃபோர்சைத் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல) தென்பகுதி, கம்மிங் முகவரி. 1912இல் அந்தக் கவுண்டியில் ஒரு கொலையைத் தொடர்ந்து வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களை அடித்து, வீடுகளையும் தேவாலயங்களையும் எரித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை விரட்டினார்கள். அவர்களின் நிலங்கள் கைமாறின. அதன்பின் பல பத்தாண்டுகள் கறுப்பினத்தவர் அங்கே வாழவே முடியவில்லை. 1987 ஜனவரியில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஹோசேயா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சிறு குழு அங்கே ஊர்வலம் போனபோது கல்லெறிந்து தடுத்தார்கள். அடுத்த வாரமே ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு மறுபடி நடந்தார்கள். 1990இல் அந்தக் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 44,000. 2020இல் இரண்டரை லட்சம். இன்று அங்கே பொங்கல் விழா நடக்கிறது, தமிழ்ப் பள்ளி நடக்கிறது. அது எனக்கு மகிழ்ச்சியே. அங்கே இருக்கும் ஆசிரியர்கள் நல்லவர்கள், அங்கே குடியிருக்கும் என் தோழிகள் நல்லவர்கள். ஆனால் அந்த மண்ணில் வீடு வாங்குகிற ஒவ்வொரு குடும்பமும் 1912ஐப் பிள்ளைகளிடம் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன். சாதியின் பெயரால் ஊரும் சேரியும் பிரிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்தவர்கள் நாம். எல்லைக் கோடுகள் தானாக உருவாவதில்லை என்பது நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய பாடமா?

உயர்ந்த மதிப்பெண் பள்ளிகள் பிள்ளைகளை என்ன செய்கின்றன என்பது அடுத்த கேள்வி. நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர்–பிளெயின்ஸ்பரோ பள்ளி மாவட்டம் நம்மவர்கள் போட்டி போட்டு வீடு வாங்கும் இடம். 2015இல் அதன் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். முந்தைய கல்வி ஆண்டில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 120 பேருக்கு மனநலப் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டதாகவும், 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும் அதில் சொல்லியிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் இடைப்பருவத் தேர்வுகளையும் இறுதித் தேர்வுகளையும் நீக்கினார்; வீட்டுப்பாடம் இல்லாத இரவுகளைக் கொண்டுவந்தார். எதிர்த்து நின்றவர்களில் ஆசியப் பெற்றோர் ஏராளம். பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்று ஒருவர் சொல்லும்போது, கணக்குப் பாடத்தின் வேகம் குறைந்துவிடும் என்று நாம் கவலைப்பட்டிருக்கிறோம். அதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை.

பணத்தின் பக்கமும் இருக்கிறது. ஹெச்-1பி விசாவில் இருக்கும் குடும்பம், கிரீன் கார்டு எப்போது வரும் என்று தெரியாத நிலையில், வங்கி கொடுக்கும் உச்சவரம்பு வரை கடன் வாங்கி அந்த எல்லைக்குள் நுழைகிறது. வேலை போனால் வேறு வேலை தேட 60 நாள்தான் அவகாசம். அந்தப் பயத்தோடு இருவரும் வேலைக்கு ஓடுகிற வீட்டில், மாலையில் பிள்ளையோடு உட்கார யாருக்கு நேரம் இருக்கும்? பிள்ளையின் படிப்புக்காக வாங்கிய வீடே அந்தப் படிப்புக்கு மிகவும் தேவையான ஒன்றைத் தின்றுவிடுகிறது.

"ராஜ் செட்டி என்ன சொல்கிறார் பார்த்தீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புதுடெல்லியில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றும் அந்தப் பொருளாதார அறிஞரும் அவருடைய சகாக்களும், 1990களில் ஐந்து பெரிய நகரங்களில் நடந்த ஒரு பரிசோதனையை மறுபடி ஆராய்ந்தார்கள். வறுமை மிகுந்த அரசுக் குடியிருப்புகளிலிருந்து, வறுமை குறைந்த பகுதிகளுக்கு 13 வயதுக்கு முன் குடிபெயர்ந்த பிள்ளைகள், பெரியவர்களானபோது 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஆக, வாழும் இடம் முக்கியம்தான். ஆனால் அந்த ஆய்வு பேசுவது கடும் வறுமையிலிருந்து வெளியேறிய பிள்ளைகளைப் பற்றி. ஏழு மதிப்பெண் எல்லையிலிருந்து ஒன்பது மதிப்பெண் எல்லைக்குப் போகிற மென்பொருள் பொறியாளர் குடும்பத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஆய்வைப் படித்த பிறகு நாம் செய்ய வேண்டியது, நம் எல்லைக்குள் குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டும் திட்டம் வரும்போது அதை எதிர்த்துக் கையெழுத்துப் போடாமல் இருப்பது. அந்தக் கையெழுத்து இயக்கங்களில் நம் பெயர்களைப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது.

நாங்கள் குவினெட் கவுண்டியில் இருக்கிறோம். எங்கள் பள்ளியின் எண் நடுத்தரம். அங்கே ஸ்பானிஷ், கொரியன், வியட்நாமியம், அம்ஹாரிக் பேசும் வீட்டுப் பிள்ளைகள் என் மகனோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். எந்த இனமும் பெரும்பான்மையாக இல்லாத இந்தப் பெரிய பள்ளி நிர்வாகம், நகர்ப்புறப் பள்ளிகளுக்கான பிராட் பரிசை 2010இலும், மறுபடி 2014இல் வேறொரு நிர்வாகத்தோடு பகிர்ந்தும் பெற்றது. வீடு விற்கும் தளத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஆங்கிலம் தெரியாமல் வந்த பிள்ளையை ஓராண்டில் கதைப் புத்தகம் வாசிக்கவைக்கும் ஆசிரியரை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவருடைய வகுப்பின் சராசரி அந்த ஆண்டும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

வீடு பார்க்கும் முன் பள்ளிக்குப் போங்கள். முன்கூட்டிச் சொன்னால் சுற்றிக்காட்டுவார்கள். தலைமை ஆசிரியர் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், சென்ற கோடையில் எத்தனை ஆசிரியர்கள் விட்டுப் போனார்கள் என்று கேளுங்கள். பின்தங்கிய பிள்ளைக்கு என்ன செய்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அந்தப் பதிலில் பள்ளியின் குணம் தெரிந்துவிடும். ரேட்டிங் பக்கத்தில் முன்னேற்றத்துக்கான உட்பிரிவைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்று. நீங்கள் வாங்கும் எல்லை அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். ஃபோர்சைத்தில் 2018இல் டென்மார்க் உயர்நிலைப் பள்ளியும் 2021இல் ஈஸ்ட் ஃபோர்சைத் உயர்நிலைப் பள்ளியும் திறந்தபோது எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. குறிப்பிட்ட ஒரு பள்ளிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, வீடு மாறாமலே ஒரு வழி இருக்கிறது. ஜார்ஜியாவின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் பள்ளி மாவட்டத்துக்குள் இடம் காலியாக உள்ள வேறு பள்ளிக்குப் பிள்ளையை மாற்றக் கேட்கலாம். பஸ் வராது, நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும். இப்படி இடம் உள்ள பள்ளிகளின் பட்டியலில் நிரம்பி வழியும் பள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் கவுண்டியின் பட்டியலையும் விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.