மைசூர், ஊட்டி கிளம்பும் நம் ஊர்க்காரர்களுக்கு, யானைகள் பற்றி

பள்ளிக்கூட லீவு விட்டால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து வேன்கள் மைசூருக்கும் ஊட்டிக்கும் கிளம்பிவிடும். போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். காட்டுச் சாலைக்குள் எத்தனை மணிக்கு நுழைவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது எல்லாம் அதற்கு அப்புறம்.

நாம் கிளம்புகிற விதம் அப்படி. வீட்டில் டிபனை முடித்து, பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு, ஒன்பது பத்து மணிக்கு வண்டியை எடுக்கிறோம். திண்டுக்கல், ஈரோடு என்று நின்று நின்று சத்தியமங்கலம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். நாம் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலை ஏறுகிற நேரத்தில்தான் யானைகளும் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சாலையைக் கடக்கின்றன. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. இரவு 9 மணிக்கு மேல் போகக் கூடாது என்று தடை இருப்பதால், "அதுக்குள்ள தாண்டிடுப்பா" என்று பின் சீட்டிலிருந்து விரட்டுகிறோம். எனக்குப் பெரிய பயமே இந்த விரட்டல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நமக்கு யானை என்றால் கோயில் யானை. குன்றக்குடி சுப்புலட்சுமியிடம் ஆசி வாங்காத பிள்ளைகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்து அது இறந்தபோது ஊரே அழுதது. நம் வளவு வீடுகளில் நிற்கிற பர்மா தேக்குத் தூண்கள்கூட, அந்தக் காடுகளில் யானைகள் இழுத்துப் போட்ட மரங்கள்தான். இந்தப் பிரியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாகனும் சங்கிலியும் இல்லாத யானை முன்னால் அதே பிரியத்தோடு போய் நிற்பது உயிருக்கு ஆபத்து. திம்பம் தாண்டி ஆசனூர் பக்கம் யானையைக் கண்டதும் வண்டியை விட்டிறங்கிக் கைகூப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாக வாழைப்பழம் வீசிய குடும்பத்தையும் பார்த்திருக்கிறேன். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள்.

அது புண்ணியமே இல்லை. அதே சாலையில் கர்நாடக எல்லையிலுள்ள காராப்பள்ளம் செக்போஸ்ட் பக்கம் போய்ப் பாருங்கள். கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கிற யானைகள் இருக்கின்றன. லாரிகளிலிருந்து கரும்பைத் தூக்கிப் போட்டுப் போட்டே வளர்ந்த பழக்கம் அது. வண்டி என்றால் தீனி என்று கற்றுக்கொண்ட யானை லாரியையும் காரையும் பிரித்துப் பார்க்காது. குட்டிகளும் தாயைப் பார்த்து அதையே கற்றுக்கொள்கின்றன. நாம் வீசிவிட்டுப் போய்விடுவோம். நாளைக்கு அதே இடத்தில் பைக்கில் வருகிற தாளவாடிக்காரர் மாட்டிக்கொள்வார்.

சரி, எதிரே யானை நின்றால்? நல்ல தூரத்திலேயே நிறுத்திவிடுங்கள். ஐம்பது மீட்டருக்குக் குறையவே கூடாது, அதிகமாக இருந்தால் நல்லது. ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை ஹைபீமில் அடிக்க வேண்டாம், பாட்டை நிறுத்துங்கள். இன்ஜின் ஓடட்டும், பின்னால் போக வழி இருக்கட்டும். பின்னால் வருகிற வண்டிகள் ஒட்டி வந்து நின்றுவிட்டால் ரிவர்ஸ் எடுக்க முடியாது. அதனால் அபாய விளக்கைப் போட்டு அவர்களுக்குச் சொல்லிவிடுவது அவசியம். ஒரு யானை கடந்ததும் "போயிடுச்சு" என்று நகர்த்தாதீர்கள். பெண் யானைகள் குட்டிகளோடு கூட்டமாகத்தான் வரும். ஒன்று அந்தப் பக்கம் போயிருக்கும், குட்டி இந்தப் பக்கப் புதரில் இருக்கும். அவற்றின் நடுவில் நம் வண்டி போனால் அந்தத் தாய் என்ன செய்யும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தனியாக நிற்பது பெரும்பாலும் ஆண். தந்தம் இல்லாததால் பெண் என்று நினைக்க வேண்டாம், தந்தமில்லாத ஆண்களும் உண்டு. அவற்றை மக்னா என்பார்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரமாக வழிந்தால் மதநீர். அந்த யானையிடம் எந்தக் கணக்கும் செல்லாது, திரும்பிவிடுங்கள். காதை விரித்து, பிளிறி, நாலு எட்டு ஓடிவந்து நின்றால் அது எச்சரிக்கை. அதோடு நாம் விலகிவிட வேண்டும். அதை வீடியோ எடுக்க நின்றால் அடுத்த தடவை நிற்காமல் வரும். நாலைந்து டன் எடையோடு மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஓடித் தப்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் ஜெர்மனியிலிருந்து வந்த முதியவர் ஒருவர் பைக்கில் யானையைக் கடக்கப் போய் உயிரிழந்தார். அந்த ஆகஸ்டில் பந்திப்பூர் சாலையில் படம் எடுக்க இறங்கியவரை யானை துரத்தி மிதித்தது. அவர் பிழைத்தார், வனத்துறை அபராதமும் போட்டது. இரண்டிலும் யானை தன் காட்டில்தான் நின்றது. வால்பாறையில் யானை பக்கத்தில் இருந்தால் சிவப்பு விளக்கு எரிய ஏற்பாடு செய்திருக்கிறார்கள், ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து நடக்கிறார்கள். தினமும் யானையோடு வாழ்கிறவர்களுக்கே அவ்வளவு கவனம் தேவைப்படுகிறது. வருடத்துக்கு ஒருமுறை போகிற நாம் அதில் பாதியாவது காட்ட வேண்டாமா?

அதனால் முதல் நாள் சத்தியிலேயே தங்குங்கள், ஊட்டி என்றால் மேட்டுப்பாளையத்தில். நன்றாக விடிந்த பிறகு மலை ஏறுங்கள். முதுமலை, பந்திப்பூர் வழியிலும் இரவு 9 முதல் காலை 6 வரை தடை உண்டு, அந்தக் கடைசி மணி நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். லாட்ஜ் வாடகையும் டிரைவருக்கு ஒரு நாள் பேட்டாவும் கூடும். கூடட்டும். கிளம்பும்போதே அவரிடம், "தம்பி, காட்டுக்குள்ள உங்க முடிவுதான். எவ்வளவு நேரம் நின்னாலும் நாங்க அவசரப்படுத்த மாட்டோம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பின் சீட்டில் இருக்கும் பெரியவர்கள் காதிலும் அது விழ வேண்டும்.