37 வயதில் இரத்தம் போனால் மூலம்தான் என்று யார் சொன்னது?

என் கல்லூரி நண்பன் ஒருவனுக்குப் போன ஆண்டு மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. வயது 37. புகை, குடி எதுவும் இல்லை. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறவன். குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. செய்தி கேட்டபோது எங்கள் எல்லாருடைய வாயிலும் முதலில் வந்தது "இந்த வயசுலயா?" என்பதுதான். அவனைப் பார்த்த மருத்துவர்கள் மனதிலும் அதே நினைப்பு இருந்திருக்கிறது. அதிலேயே ஒன்பது மாதம் போய்விட்டது.

அந்த ஒன்பது மாதமும் மலத்தோடு இரத்தம் போயிருக்கிறது. முதலில் பார்த்தவர் வயதைக் கேட்டார், நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை என்றதும் மூலம் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். விரல் வைத்துக்கூடப் பரிசோதிக்கவில்லை. அடுத்தவர் நார்ச்சத்துப் பொடி கொடுத்தார். இடையில் ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கியது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து ஏன் இப்படிக் குறைகிறது, இரத்தம் எங்கிருந்து போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, செய்தபோது புற்றுநோய் மூன்றாம் நிலையில் இருந்தது.

எங்கேயோ ஒருவருக்கு இப்படி ஆகும், அது இவனுக்கு ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்க ஆரம்பித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அமெரிக்காவில் முதியவர்களிடம் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் குறைந்துகொண்டே வருகிறது. 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் 1990-களின் நடுவிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது. 1995-ல் இந்த நோய் கண்டறியப்பட்டவர்களில் 11 சதவீதம் பேர் 55 வயதுக்குட்பட்டவர்கள். 2019-ல் அது 20 சதவீதம். 1990-களின் இறுதியில், 50 வயதுக்குட்பட்டவர்களின் புற்றுநோய் மரணங்களில் இது நான்காம் இடத்தில் இருந்தது. இப்போது அந்த வயது ஆண்களில் முதலிடம், பெண்களில் இரண்டாம் இடம். என்னை உலுக்கியது இன்னொரு கணக்கு: 1950 வாக்கில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990 வாக்கில் பிறந்தவர்களுக்கு அதே வயதில் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்கு. அமெரிக்காவில் மட்டும் இல்லை. 2024 டிசம்பரில் வந்த ஓர் ஆய்வு 50 நாடுகளை எடுத்துப் பார்த்தது. அதில் 27 நாடுகளில் இளம் வயதினரிடம் இந்த நோய் கூடியிருக்கிறது.

ஏன் என்பதற்கு ஒற்றைப் பதில் இன்னும் கிடைக்கவில்லை. உடல் பருமன், உட்கார்ந்தே இருப்பது, சர்க்கரை பானங்கள், பதப்படுத்திய இறைச்சி என்று பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். 2025-ல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு வேறொரு பக்கம் கைகாட்டுகிறது. 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளில் மரபணுக்களை வாசித்திருக்கிறார்கள். குடலில் வாழும் ஈ கோலை பாக்டீரியாவின் சில வகைகள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு மரபணுவில் விட்டுச்சென்ற சேதத்தின் தடம், 70 வயதைத் தாண்டியவர்களைவிட 40-க்குக் கீழே நோய் வந்தவர்களிடம் 3.3 மடங்கு அதிகம். அந்தச் சேதம் பத்து வயதுக்குள்ளேயே நடந்திருக்கலாம் என்கிறார்கள். அதுதான் காரணம் என்று இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் மருத்துவமனைக்கு வந்து "என்னத்தைத் தின்னான்?" என்று அவன் மனைவியிடம் கேட்ட உறவினர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிற அந்தக் கேள்வியை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அறிகுறி இல்லாதவர்களும் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதை அமெரிக்கப் புற்றுநோய் சங்கம் 2018-ல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தது. 2021-ல் அந்நாட்டின் தடுப்பு மருத்துவக் குழுவும் அதையே சொன்னது. நல்லதுதான். ஆனால் என் நண்பனுக்கு 37. பிளாக் பாந்தர் படத்தில் நடித்த சாட்விக் போஸ்மனுக்கு நோய் தெரிந்தது 2016-ல், 40 வயதை எட்டும் முன்போ எட்டிய கையோடோ. 43 வயதில் இறந்துபோனார். இவர்களுக்கு 45 என்ற கோட்டால் என்ன பயன்? அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி, உடம்பு சொல்வதை யாராவது காதுகொடுத்துக் கேட்பதுதான்.

உடம்பு சொல்லத்தான் செய்கிறது. மலத்தில் இரத்தம், விடாத வயிற்றுவலி, தொடரும் வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை முன்பே இந்த நான்கில் ஒன்றாவது பலரிடம் தெரிந்திருக்கிறது என்று 2023-ல் ஓர் ஆய்வு சொன்னது. சரி, இரத்தம் போகிற இளைஞர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது மூலமோ ஆசனவாய் வெடிப்போதான். பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்லை. மூலம் என்றால் மூலம் என்றே சொல்லுங்கள், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டு தாண்டுகிறவர்கள் ஏறக்குறைய 90 சதவீதம். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அது 15 சதவீத அளவுக்கு இறங்கிவிடுகிறது.

பழியை மருத்துவர்கள்மீது மட்டும் போட மாட்டேன். முதல் நான்கு மாதம் அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நெஞ்சு வலித்திருந்தால் அன்றே சொல்லியிருப்பான். கழிப்பறையில் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று கூச்சம். எங்களோடு வாரம் தவறாமல் பேசினான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் "ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கிறாய்?" என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

கதிர்வீச்சு, கீமோ, அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்து, வயிற்றில் மலம் சேரும் தற்காலிகப் பையோடு இப்போது வீட்டில் இருக்கிறான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்று அவனுடைய மருத்துவர் சொன்னார். அதாவது அவன் தம்பிக்கு 27 வயதிலேயே. தம்பிக்கு இப்போது 31. எந்தத் தொந்தரவும் இல்லை, வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவனை அண்ணன்தான் உட்காரவைத்துப் பேசி அனுப்பினான். போன வாரம் செய்தார்கள். குடல் சுவரில் இரண்டு பாலிப், அதாவது சிறு சதை வளர்ச்சிகள், இருந்தன. அங்கேயே எடுத்துவிட்டார்கள். அந்தத் திசுவின் பயாப்ஸி பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.