பிடிப்பவரும் அவரே, ஜப்தி செய்பவரும் அவரே

ஸ்வீடன் நாட்டுப் பழைய கிராமக் கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் ஆள் லேன்ஸ்மன் என்ற ஊர் அதிகாரி. வரி பாக்கியா, திருட்டா, கள்ளச்சாராயமா, எதுவானாலும் வாசலில் வந்து நிற்பவர் அவர்தான். அந்தக் காலத்து அதிகாரிக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், இப்போது போலீஸ் எங்கோ நகரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஏங்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

'லேன்' என்றால் அரசர் ஒருவரை நம்பி ஒப்படைத்த பகுதி. கடனைச் சொல்லும் ஆங்கில 'லோன்' இதற்குச் சொந்தக்காரச் சொல். 'மன்' என்றால் ஆள். ஆக, இரவல் அதிகாரத்தில் வேலை பார்த்தவர். (இன்றைக்கும் ஸ்வீடனின் 21 மாவட்டங்களுக்கு லேன் என்றுதான் பெயர்.) 16ஆம் நூற்றாண்டு வாக்கில் விவசாயிகளுக்குள்ளேயே ஒருவர் இந்தப் பொறுப்பில் இருந்தார். போகப் போக அவர் முழுக்க அரசாங்கத்து ஆள் ஆகிவிட்டார்.

சிக்கல் அங்கேதான். 1726இல் ஒரு சட்டம் வந்தது: பாதிரியார் இல்லாமல் வீடுகளில் கூடி பைபிள் படிக்கக் கூடாது. 1858 வரை அது அமலில் இருந்தது. நாலு குடும்பம் ஒரு சமையலறையில் உட்கார்ந்து ஜெபித்தால் அதைக் கலைக்க வருபவர் லேன்ஸ்மன். நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவரும் அவரே. அபராதம் கட்டவில்லையா, பசுவையும் பாத்திரத்தையும் ஜப்தி செய்ய வருபவரும் அவரே! போதாக்குறைக்கு, பழைய சட்டப்படி பல குற்றங்களில் அபராதத்தில் ஒரு பங்கு வழக்குத் தொடுத்தவருக்கே போனது. ஊரில் எல்லோரையும் தெரிந்த ஒருவர் கையில் இத்தனையும் இருந்தால் ஏழை யாரிடம் போய் முறையிடுவான்? அவருக்குப் பிடிக்காதவன் கதி என்ன?

1918இல் பதவியின் பெயரை லான்ட்ஸ்ஃபிஸ்கால் என்று மாற்றினார்கள். பெயர்தான் மாறியது. போலீஸ், வழக்கு, ஜப்தி மூன்றும் அதே ஆளிடம்தான் இருந்தன. 1965 ஜனவரி 1 அன்றுதான், போலீஸ் துறையை அரசு தன் கையில் எடுத்தபோது, மூன்றும் தனித்தனி அலுவலகங்களுக்குப் பிரிந்தன. ஸ்வீடன் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக நான் இதைச் சொல்வேன். இத்தனைக்கும் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

போலீஸ் தூரமாகிவிட்டது என்ற குறை நியாயமானது. வடக்கே காட்டுப்பகுதியில் இருப்பவர்களுக்கு அவசரத்தில் உதவி வந்து சேர நேரமாகிறது. அதற்காக, பக்கத்திலேயே ஒரு காவல் நிலையம் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பழைய லேன்ஸ்மனை மட்டும் திரும்பக் கேட்காதீர்கள்.